வகையை எழுதும் உரிமை யாருடையது?

தில்லியில் "புசா ரோடு" என்றால் பொதுவாக ஒரு சாலை. கரோல் பாக்கையும் ராஜேந்திரா பிளேஸையும் ஒட்டிச் செல்வது. மேலே மெட்ரோவின் நீலத்தடம் ஓடுவது. தில்லித் தமிழ்க் குடும்பம் ஒன்றில் "பிள்ளை எங்கே படிக்கிறான்?" என்ற கேள்விக்கு "புசா ரோடு" என்று விடை வந்தால் அது சாலையன்று, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. வேளாண் அறிவியலாளரிடம் "புசா" என்பது இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம். அரிசி வணிகரிடம் அது ஒரு நெல்லின் பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி. பீகாரின் சமஸ்திபூர் மாவட்டத்தாருக்கு அது ஓர் ஊர்.

இவற்றுள் மூத்தது ஊர்தான். 1905இல் அவ்வூரில் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் அதன் கட்டடம் சிதைந்தது. 1936இல் நிறுவனம் தில்லிக்குப் பெயர்ந்தபோது ஊரின் பெயரும் உடன் வந்து நிறுவனத்துக்கும் வளாகத்துக்கும் சாலைக்கும் நெல்லுக்கும் ஒட்டிக்கொண்டது. நன்கொடை அளித்த அமெரிக்கரான ஹென்றி ஃபிப்ஸின் பெயரையும் அவருடைய நாட்டின் பெயரையும் சேர்த்துச் சுருக்கியதே "புசா" என்று கூறுவோரும் உள்ளனர். கொடைக்கு முன்பே அவ்வூர் அப்பெயரால் வழங்கியது என்பதால் அக்கூற்று நிற்காது. ஆயினும் அப்பிழை கவனிக்கத்தக்கது. எழுத்துகள் அப்படியே இருக்க, ஊர்ப்பெயர் என்னும் வகை மட்டும் தொலைந்து, சுருக்கப்பெயர் என்னும் வகை அவ்விடத்தில் வந்து அமர்ந்துவிட்டது. மதிப்பு பிழைபடாமலே பொருள் பிழைபடலாம் என்பதற்கு இது போதிய சான்று.

நிரலில் உள்ள பொருள்களை எக்ஸ்எம்எல் ஆவணமாக மாற்றும்போது நிகழ்வதும் இதுவே. ஓடும் நிரலின் நினைவகத்தில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வகை உண்டு: இது முழு எண், இது நாள், இது எழுத்துச் சரம், இது இன்ன வகுப்பைச் சேர்ந்த பொருள். அப்பொருள் கோப்பாக எழுதப்படும்போது எல்லாமே எழுத்துகளாகிவிடுகின்றன. எக்ஸ்எம்எல் 1998இல் பரிந்துரையாக வெளிவந்தபோது அதனிடம் உறுப்பும் பண்பும் எழுத்துத்தொடரும் இருந்தன. எண், நாள் என்னும் பாகுபாடு முறையாக வந்தது 2001இல் ஸ்கீமா என்னும் அமைப்பு வரையறை வெளியானபோதுதான். எனவே எழுத்தாக மாறும் அத்தருணத்தில் மூன்று வழிகள் உள்ளன. வகையை முற்றிலும் கைவிடலாம். ஒவ்வொரு மதிப்பின் மேலும் வகையை ஒட்டலாம். வகையைத் தனி ஸ்கீமாவில் வைத்து, ஐயம் எழும் இடத்தில் மட்டும் ஆவணத்தில் குறிக்கலாம். பெரும்பாலான ஆய்வுத் திட்டங்களில் இத்தேர்வை எவரும் செய்வதில்லை. கருவியின் இயல்பிருப்பு எதுவோ அதுவே முடிவாகிவிடுகிறது. அவ்வாறு விடுவது ஒரு தொழில்நுட்பக் கவனக்குறைவு மட்டுமன்று, ஆய்வுப் பொறுப்பைக் கைவிடுவதுமாகும் என்பதே இப்பதிவின் வாதம்.

வாதத்தைச் சோதிக்கப் புசா வளாகமே தக்க களம். தேசியத் தாவர மரபுவளப் பணியகம் அங்குதான் உள்ளது. அதன் மரபணு வங்கியில் லட்சக்கணக்கான விதை மாதிரிகள் பூச்சியத்துக்குக் கீழ் 18 டிகிரி குளிரில் நெடுங்காலச் சேமிப்பில் வைக்கப்பட்டுள்ளன. விதை மட்டும் இருந்தால் போதாது. எங்கே, எப்போது, யாரால், எந்த நிலத்தில் சேகரிக்கப்பட்டது என்னும் குறிப்பு இல்லையேல் அது பெயரற்ற தானியமே. இத்தகைய குறிப்புகளை உலக வங்கிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ள ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் பயோவர்சிட்டி இன்டர்நேஷனலும் இணைந்து வகுத்த பொது விவரணைப் பட்டியல் ஒன்று உண்டு. அதன் இரண்டாம் பதிப்பு 2012இலும் திருத்தம் 2015இலும் வெளிவந்தன. அப்பட்டியல்படி அமைந்த குறிப்பு ஒன்றை ஒரு நிரலர் பொருளாக்கி எக்ஸ்எம்எல்லாக எழுதுகிறார் எனக் கொள்வோம். பின்வருவன எந்த நிறுவனத்திலும் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் செய்திகளல்ல. இயல்பிருப்புகளை அப்படியே விட்டால் எந்த இடத்திலும் நிகழக்கூடியவை.

முதலாவது, நாள். பொதுப் பட்டியல் சேகரித்த நாளை ஆண்டு, மாதம், தேதி என எட்டு இடங்களில் எழுதச் சொல்கிறது. மாதமோ தேதியோ தெரியாவிடில் அவ்விடத்தில் சிறுகோடு அல்லது இரட்டைப் பூச்சியம் இடலாம் என்றும் சொல்கிறது. அதாவது "1994ஆம் ஆண்டு, மாதம் தெரியாது" என்பது முழுமையான, நேர்மையான ஒரு குறிப்பு. ஆனால் நிரலர் அப்புலத்தை நாள்-நேர வகையாக அறிவித்துவிட்டால் அவ்வகையில் "தெரியாது" என்பதற்கு இடமில்லை. 1994 என்பது 1994 ஜனவரி 1, நள்ளிரவு 0 மணி என்றாகிறது. இந்திய நேரம் உலகப் பொதுநேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. ஆவணத்தை எழுதும் கருவி நேரத்தைப் பொதுநேரத்துக்கு மாற்றி எழுதினால் அது 1993 டிசம்பர் 31, மாலை 6.30 ஆகிறது. அடுத்த நிறுவனத்தின் நிரல் அதிலிருந்து ஆண்டை மட்டும் வெட்டி எடுத்தால் கிடைப்பது 1993.

ஓர் ஆண்டுதானே என்று இதை ஒதுக்க இயலாது. உயிரியல் பன்மய உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1993 டிசம்பர் 29. அந்நாளுக்கு முன் சேகரித்த விதைக்கும் பின் சேகரித்த விதைக்கும் உரிமை, பயன்பகிர்வு ஆகியவற்றில் சட்டநிலை வேறு. உழவர் ஒருவர் கையிலிருந்து 1994இல் பெறப்பட்ட கைப்பிடி விதை, பட்டியலில் 1993 எனத் தோன்றி, எல்லைக்கோட்டின் மறுபுறம் வைத்து எண்ணப்படலாம். இச்சங்கிலியில் எவரும் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு கருவியும் தன் விதிப்படியே நடந்தது. பிழை நுழைந்தது, தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டும் வகையைத் தேர்ந்த ஒரே இடத்தில்.

தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு இது புதிதன்று. "ஊறுகாய்" என்னும் வினைத்தொகையில் காலம் கரந்து நிற்கிறது. ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என மூன்றுக்கும் அது இடம் தருகிறது. அதை "ஊறிய காய்" என்று மட்டும் விரித்து எழுதிவிட்டு மூலத்தை அழித்தால், விளக்கம் கூடியதாகத் தோன்றும். உண்மையில் பொருள் குறைந்துவிட்டது. ஆண்டு மட்டும் கொண்ட நாட்குறிப்பும் அத்தகையதே. எக்ஸ்எம்எல் ஸ்கீமா இதை அறிந்தே ஆண்டு மட்டும், ஆண்டும் மாதமும், முழு நாள் என மூன்று தனி வகைகளைத் தருகிறது. மூன்றையும் ஒன்றிணைத்த கூட்டுவகையை வரையறுக்கவும் அது இடமளிக்கிறது. கருவி இருந்தும் பயன்படாமைக்குக் காரணம், நிரல்மொழியின் நாள் வகையே உலகின் நாள் வகை என்று கருதப்படுவதுதான்.

இரண்டாவது, எண்ணைப் போன்ற எண்ணல்லாதவை. அதே பொதுப் பட்டியலில் மாதிரியின் உயிரியல் நிலையைக் குறிக்கக் குறியெண்கள் உள்ளன. 100 என்றால் காட்டினம். 300 என்றால் உழவர் வழிவழி பேணிய நாட்டினம். 500 என்றால் மேம்படுத்தப்பட்ட இனம். இப்புலம் முழு எண்ணாக அறிவிக்கப்பட்டால் அதைக் கூட்டலாம், வகுக்கலாம், சராசரி காணலாம். ஒரு காட்டினத்தையும் ஒரு மேம்பட்ட இனத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சரியாக 300 வரும், அதாவது நாட்டினம்! நகைப்புக்குரிய இம்முடிவைக் கணினி நகையாமல் தரும். இப்புலத்துக்கு உரிய வகை எண்ணன்று. அனுமதிக்கப்பட்ட குறியீடுகளின் பட்டியல். சேகரித்த இடத்தின் உயரமும் இவ்வாறே. உயரம் தெரியாதபோது வெறுமையாக விட வேண்டிய இடத்தில், வெறுமையை ஏற்காத முழு எண் வகை பூச்சியத்தை இடும். பூச்சியம் என்பது கடல் மட்டம். லடாக்கின் மலைச்சரிவில் சேகரித்த பார்லி, கோப்பைப் படிப்பவருக்குக் கடற்கரைப் பயிராகத் தெரியும்.

மூன்றாவது, பெயர்கள். தமிழ்நாட்டு மாதிரி ஒன்றின் குறிப்பில் "சம்பா" என்றொரு சொல் இருக்கிறது. அது பருவமா, நெல்வகையா? மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா என இனப்பெயரின் ஈற்றிலும் அச்சொல் வரும். சம்பாப் பருவம் என நாட்காட்டியிலும் வரும். "கம்பு" என்பது தமிழில் தானியம், கோலும்கூட. மொழி எது என்று குறிக்கும் பண்பு எக்ஸ்எம்எல்லில் தொடக்கம் முதலே உள்ளது. ஆயினும் நிரலில் பெயர் வெறும் சரமாக இருந்தால், அதன் மொழியும் பெயர்வகையும் ஆவணத்துக்கு வந்து சேர வழியில்லை. உறுப்பின் பெயரே "பருவம்" என்றும் "உள்ளூர்ப் பெயர்" என்றும் இருந்தால் ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இவையெல்லாம் வகைத்தகவல் குறைந்ததால் வரும் கேடுகள். இதைக் கண்டு அஞ்சி எதிர்முனைக்கு ஓடுவோரும் உண்டு: எல்லா மதிப்பின் மேலும் வகையை எழுதிவிடலாமே, இடத்துக்கா பஞ்சம் என்று கேட்பர். இவ்வழியும் முன்பே நடந்து பார்க்கப்பட்டதுதான். 2000ஆம் ஆண்டையொட்டி வலைச்சேவைகளில் பரவிய சோப் நெறிமுறையின் குறியேற்ற முறையில், ஒவ்வொரு உறுப்பின் மேலும் அதன் வகையைப் பண்பாக ஒட்டி அனுப்பும் வழக்கம் இருந்தது. ஒரு நிறுவனத்தின் கருவி எழுதியதை மற்றொன்றின் கருவி படிப்பதில் தொல்லைகள் பெருகின. இயங்கொருமைக்கென அமைந்த டபிள்யூஎஸ்-ஐ கூட்டமைப்பு 2004இல் வெளியிட்ட அடிப்படை நெறித்தொகுப்பு அக்குறியேற்றத்தை விலக்கி, வகையை ஸ்கீமாவிடம் ஒப்படைத்தது. மிகுதியாகச் சொல்வதால் தெளிவு வராது என்று அத்துறை பட்டறிந்து கற்ற பாடம் அது.

மிகுதியினும் கொடியது, தவறான சொல்லகராதியிலிருந்து வகையை எழுதுவது. சில கருவிகள் நிரலின் வகுப்புப் பெயரையே, அதன் முழுப் பெயர்வெளியுடன், ஆவணத்தில் பொறிக்கின்றன. எழுதிய அதே நிரல் திரும்பப் படிப்பதற்கு அது மிக எளிது, அதனாலேயே விரும்பப்படுகிறது. ஆனால் வகுப்பின் பெயர் நிரலரின் வசதிக்காக அமைந்தது. நாளை அவர் கோப்புறையை மாற்றினால் அதுவும் மாறும். சட்டக் காரணத்தாலும் மாறும்: ஜாவாவின் நிறுவனப் பயன்பாட்டுத் தொகுதிகள் புதிய அமைப்பின் கைக்குச் சென்றபோது வணிகச்சின்ன உரிமையால் பழைய பெயர்வெளியைத் தொடர இயலாமல், 2020இல் அவற்றின் பெயர்கள் ஒட்டுமொத்தமாக மாற்றப்பட்டன. பொருளை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் ஜாக்ஸ்பி தொகுதியும் அவற்றுள் ஒன்று. விதை பல பத்தாண்டுகள் குளிரில் உறங்கி எழக்கூடியது. அதன் குறிப்பைப் பத்தாண்டுகூட நிலைக்காத நிரற்பெயரில் பூட்டிவைப்பது, பூட்டை மட்டும் துருப்பிடிக்கும் உலோகத்தில் செய்வதற்கு ஒப்பாகும்.

இதில் பாதுகாப்புச் சிக்கலும் உண்டு. ஆவணத்தில் எழுதியுள்ள வகுப்புப் பெயரை நம்பி, அவ்வகுப்பின் பொருளைப் படிக்கும் நிரல் உருவாக்குமாயின், எந்தப் பொருள் உருவாக வேண்டும் என்னும் அதிகாரம் கோப்பை அனுப்பியவர் கைக்குப் போகிறது. 2017இல் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் சட்டகத்தின் ஒரு செருகுநிரல், எக்ஸ்ஸ்ட்ரீம் என்னும் நூலகத்தைக் கொண்டு வகைகளை வடிகட்டாமல் எக்ஸ்எம்எல்லைப் படித்தது. அதன் வழியே அயலார் வழங்கிக் கணினியில் தாம் விரும்பிய கட்டளையை இயக்கலாம் என்பது அப்போது வெளிப்பட்டது. தடைசெய்த வகைகளின் பட்டியலை வைத்துக் காக்கும் முறையை அந்நூலகம் 2021இல் கைவிட்டு, வெளிப்பட அனுமதித்த வகைகளை மட்டும் ஏற்பதை இயல்பிருப்பாக்கியது. எவ்வகைகள் வரலாம் என்பதைப் படிப்பவர் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும் என்னும் கொள்கை அவ்வாறு பட்டபின் ஏற்கப்பட்டது.

அவ்வாறெனில் நடுவழி எது? விடை தமிழின் இரண்டாம் வேற்றுமையில் உள்ளது. "முருகன் புத்தகம் வாங்கினான்" என்னும் தொடரில் செயப்படுபொருளுக்கு உருபு இல்லை; இருந்தும் எவருக்கும் ஐயமில்லை, புத்தகம் முருகனை வாங்காது. "முருகன் மாணவனைப் பார்த்தான்" என்னும் தொடரிலோ உருபை நீக்கினால் தொடர் நிற்காது. பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் இருவருமே உயர்திணை. எங்கே சூழலே வேற்றுமையைத் தெரிவிக்கிறதோ அங்கே தமிழ் உருபை விட்டுவிட இடந்தருகிறது. எங்கே மயக்கம் வருமோ அங்கே கட்டாயமாக்குகிறது. உருபு தொக்கு நிற்க வேண்டாத இடத்தில் தொக்கு நின்றால் என்னவாகும் என்பதற்கு உரையாசிரியர்களின் "புலிகொல் யானை" என்னும் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. கொன்றது புலியா, யானையா என்பது ஐயா ஆலா என்னும் உருபால் மட்டுமே தெளிவாகும்.

எக்ஸ்எம்எல்லின் வகைப்பண்பு செம்மையாகப் பயன்படும்போது இவ்விதியையே பின்பற்றுகிறது. புசாப் பணியகத்தின் மாதிரி எண்களில் உள்நாட்டுச் சேகரிப்பு "ஐசி" என்னும் முன்னொட்டும், வெளிநாட்டிலிருந்து பெற்றது "ஈசி" என்னும் முன்னொட்டும் பெறுகின்றன. நிரலில் "மாதிரி" என்னும் பொது வகுப்பும், அதிலிருந்து கிளைத்த "உள்நாட்டு மாதிரி", "வெளிநாட்டு மாதிரி" என்னும் இரு வகுப்புகளும் இருப்பதாகக் கொள்ளலாம். மாதிரிகளின் பட்டியலை எழுதும்போது, அறிவித்த வகை "மாதிரி". உண்மையில் உள்ளதோ அதன் கிளைவகை. இங்கேதான் மயக்கம்; இங்கேதான் உருபு தேவை. டாட்நெட்டின் எக்ஸ்எம்எல் மாற்றி இவ்விடத்தில் முன்னறிவிக்கப்படாத கிளைவகையைக் கண்டால் எழுத மறுத்துப் பிழை காட்டுகிறது. கிளைவகைகளை முன்பே அறிவித்திருந்தால் அவ்வுறுப்பின் மேல் வகைப்பண்பை இடுகிறது. அறிவித்த வகையும் உண்மை வகையும் ஒன்றாயின் பண்பை இடுவதில்லை. ஒவ்வொரு கிளைவகைக்கும் தனி உறுப்புப் பெயர் கொடுத்துவிட்டால் பண்பே தேவையில்லாமல் போகிறது. பெயரே வகையைச் சொல்லிவிடுகிறது. பிழை காட்டி நிற்கும் அக்கருவியைப் பலர் சபிப்பர். உண்மையில் அது கேட்கும் கேள்வி நியாயமானது: இப்பட்டியலில் எவையெவை வரலாம் என்று நீ யாரோடு உடன்பட்டிருக்கிறாய்?

ஆகவே கொள்கை மூன்று கூறுகளாகத் திரள்கிறது. வகையின் இருப்பிடம் ஸ்கீமா. அதைத் துறையறிஞரும் நிரலரும் கூடி எழுத வேண்டும், நிரலின் வகுப்புகளிலிருந்து கருவி தானே பெயர்த்தெடுத்ததாக அது இருத்தலாகாது. ஆவணத்தில் வகைப்பண்பு ஐயம் எழும் இடத்தில் மட்டும் வர வேண்டும். அங்கும் எழுதப்படுவது துறையின் சொல்லாக இருக்க வேண்டும்: "வெளிநாட்டு மாதிரி" என்பது விதையியலாருக்குப் புரியும், ஒரு நிறுவனத்தின் நிரற்கோப்புறைப் பெயர் அவருக்குப் புரியாது.

இதற்கு எழும் மறுப்புகளுள் வலுவானது ஒன்று. எல்லாவற்றையும் எழுத்துச் சரமாகவே வைத்துவிட்டால் எதுவும் திரியாது அல்லவா? இதில் உண்மை உண்டு. களக்குறிப்பேட்டில் எழுதியிருந்ததை எழுதியவாறே காப்பது வரலாற்றுக் கடமை. உயிரினப் பதிவுகளுக்கான டார்வின் கோர் தரநிலை நிகழ்வின் நாளுக்கு இரண்டு புலங்களை வைத்திருப்பது அதனாலேயே: ஒன்று மூலத்தில் உள்ளவாறே எழுதுவதற்கு, மற்றொன்று தரப்படுத்தி எழுதுவதற்கு. மூலமும் விளக்கமும் அருகருகே நிற்கும்போது பின்வருபவர் விளக்கத்தைச் சோதிக்க இயலும். ஆனால் சரத்தை மட்டும் தந்து நின்றுவிடுவது, வகைகாணும் பொறுப்பை அடுத்தவர் தலையில் வைப்பதாகும். பத்து நிறுவனங்கள் அக்கோப்பைப் பெற்றால் பத்து விதமாக ஊகிக்கும். குறிப்பை எழுதியவரைவிட அதை நன்கு அறிந்தவர் இல்லை; ஊகத்தைத் தவிர்க்க வல்லவரும் அவரே.

இன்னொரு மறுப்பு: எக்ஸ்எம்எல்லின் காலம் முடிந்துவிட்டது, இப்போது எல்லாம் ஜேசன் என்பது. வடிவம் மாறினும் வினா மாறவில்லை. ஜேசனில் நாள் என்னும் வகையே இல்லை; நாளும் அங்கே சரம்தான். கிளைவகுப்புகளை எழுதும் சிக்கலும், வகுப்புப் பெயரை நம்பிப் படிப்பதால் வரும் ஊறும் அங்கும் அப்படியே உள்ளன. மாறாக, எக்ஸ்எம்எல் உலகம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டுத் தேர்ந்த விடைகளைப் புதிய வடிவங்களில் பணிபுரிவோர் மீண்டும் ஒருமுறை துன்பப்பட்டே கற்க வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு நுண்ணியது. வகை என்பதே நிலையானதன்று. பின் ஏன் இத்தனை கண்டிப்பு? புசாவின் புகழ்பெற்ற நெல்லே இதற்குச் சான்று. நீண்ட அரிசியைத் தரும் 1121 எண்ணுடைய நெல் 2003இல் வெளியிடப்பட்டபோது "புசா சுகந்த் 4" என்ற பெயரும் பெற்றது. பாசுமதி என்பதற்கான அரசு வரையறை விரிவாக்கப்பட்டு, 2008இல் அதே நெல் "புசா பாசுமதி 1121" ஆனது. விதையில் எதுவும் மாறவில்லை, மாறியது அறிவிக்கை. ஏற்றுமதிச் சந்தையில் அதன் நிலையும் மாறியது. "நறுமண நெல்" என்னும் வகுப்பின் பொருளாக 2005இல் எழுதப்பட்ட கோப்பு பொய்யா? "பாசுமதி நெல்" என்று 2009இல் எழுதப்பட்டது மெய்யா? இரண்டும் அவ்வக்காலத்தில் மெய். இது கண்டிப்பைத் தளர்த்தச் சொல்லும் சான்றன்று. வகையை எங்கே வைப்பது என்பதைத் தெளிவுபடுத்தும் சான்று. வணிக வகைப்பாடு நிரலின் மரபுரிமைப் படிநிலையில் வார்க்கப்பட்டிருந்தால் ஓர் அறிவிக்கையால் பழைய கோப்புகள் யாவும் செல்லாதவையாகும். அதுவே "இன்ன நாளில், இன்னாரால், இவ்வகையென அறிவிக்கப்பட்டது" என்னும் கூற்றாக ஆவணத்தில் இடம்பெற்றால் பழையதும் புதியதும் முரண்படாமல் அடுத்தடுத்து நிற்கும். வகைகளுள் எது பொருளின் இயல்பு, எது மனிதர் இட்ட முத்திரை என்று பிரித்தறிவது நிரலரால் தனித்து இயலாது. துறையறிஞர் அம்மேசையில் அமர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

இவ்வினா விதைவங்கியோடு முடிவதன்று. கல்வெட்டுத் தொகுதி, வட்டார வழக்கு நேர்காணல், சுவடிப் பட்டியல், நோயாளர் பதிவு என இன்று பல்கலைக்கழகங்களில் உருவாகும் தரவுகளுள் பெரும்பகுதி எங்கோ ஒரு நிரலில் பொருளாகப் பிறந்து, ஒரு கோப்பாக எழுதப்பட்டு, ஆய்வேட்டின் பின்னிணைப்பாக அடங்குகிறது. ஆய்வேட்டின் சொற்பிழைகளைத் திருத்த நெறியாளர் உண்டு. தரவின் வகைப்பிழைகளைக் கேட்பார் இல்லை. கல்வெட்டின் ஆட்சியாண்டை முழு நாளாக்கிய கோப்பும், பேச்சாளரின் வயது தெரியாதபோது பூச்சியமிட்ட கோப்பும் எவராலும் படித்துப் பார்க்கப்படாமலே ஏற்கப்படுகின்றன. பின்வரும் ஆய்வாளர் அவற்றின்மேல் தம் புள்ளிவிவரத்தை எழுப்புகிறார்.

செய்யத்தக்கது பெரிதன்று. தரவுக் கோப்பை ஒப்படைக்கும் ஒவ்வோர் ஆய்வாளரும் அதன் ஸ்கீமாவையும் உடன் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு புலத்துக்கும் இவ்வகை ஏன் தேரப்பட்டது, தெரியாமையை எவ்வாறு குறிக்கிறது, மூலத்தில் இருந்தது எங்கே காக்கப்பட்டுள்ளது என்பதை மனித மொழியில் ஒரு பக்கம் எழுதி இணைக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் அப்பக்கத்தின்மேல் ஒரு வினாவேனும் கேட்கப்பட வேண்டும். மொழித்துறையும் கணினித்துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாத பல்கலைக்கழகங்களில் இவ்வொரு பக்கம் அவற்றைப் பேசவைக்கவும் கூடும்.

1994இல் ஓர் உழவர் கொடுத்த கைப்பிடி விதையைப் பற்றி வங்கிக்குத் தெரிந்தது ஆண்டு மட்டுமே. நூறாண்டு கழித்து அவ்விதையை எடுத்து விதைக்க வருபவருக்கும் அந்த ஆண்டு, ஆண்டாகவே சென்று சேர வேண்டும். மாதம் தெரியாது என்பதும் உடன் சேர வேண்டும்.